திடலில் உட்கார்ந்தவள்

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வந்த நம் வயதுக்காரர்கள் பனியை எழுதுவார்கள், ரயிலை எழுதுவார்கள், புழுங்கலரிசி கிடைத்த கடையை எழுதுவார்கள். நான் ஒரு கல் பெஞ்சைப் பற்றி எழுதப் போகிறேன். அதில் உட்கார எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பயம். சிரிக்காதீர்கள், பத்து வயதில் பிடித்த பயம் ஒன்று உங்களிடமும் இருக்கும், நீங்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இத்தாலியில் ஒரு சின்ன ஊர். பெயர் என் வாயில் நுழையவில்லை, விடுங்கள். மகளுக்கு இரண்டாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கீழே சதுக்கம். பியாட்சா என்கிறார்கள். மூன்று பக்கம் மஞ்சள் சுவர் வீடுகள், நாலாவது பக்கம் தேவாலயம், மேலே மணிக்கோபுரம். நடுவில் ஒரு குழாயடி, ஓயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, அடைக்க ஆளில்லை. இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் தூங்குவதோடு சரி, மற்றதெல்லாம் இங்கேதான். காலையில் கடை மேடையில் சாய்ந்து நின்றபடியே ஒரு வாய்க் காபி. செவ்வாய்க்கிழமை சந்தை. மதியம் ஆனதும் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும், ஒரு ஈ காக்கை இருக்காது. சாயங்காலம் ஊரே சலவைத் துணி உடுத்திக்கொண்டு இறங்கும். போவதற்கு இடமொன்றும் கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார்கள், திரும்பி மறுபடி நடப்பார்கள். யாராவது இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் மருந்துக்கடை அம்மாள் போய்க் கதவைத் தட்டிவிட்டு வருவாள்.

தேவாலயத்துச் சுவரில் ஒரு பலகை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதில் கறுப்புக் கரை போட்ட வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டுவார்கள். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான், கூலிங் கிளாஸ் போட்ட பேரன்களின் படம் மட்டும் இல்லை. கிழவிகள் காய்கறிப் பையோடு நின்று அதை வாசிப்பார்கள். வாசித்துவிட்டு நேராக வந்து கல் பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். எட்டுப் பத்துப் பெண்கள், நடு சதுக்கத்தில், பட்டப்பகலில், காலை நீட்டிக்கொண்டு.

முதல் நாள் அதைப் பார்த்ததும் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மகள் கீழே கூட்டிப்போனாள். "உக்காரும்மா, உன்னை யாரு என்ன சொல்லப்போறா" என்றாள். நான் நின்றேன். இரண்டு மாதமாக நின்றுகொண்டேதான் இருந்தேன். அவளுக்குக் காரணம் தெரியாது. நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவள் சிதம்பரத்தில் இருக்கிறாள், அவளுக்கும் சொன்னதில்லை.

கடலூர் பழைய ஊரில், ஓ.டி. என்போம், துறைமுகத்தை ஒட்டி எங்கள் தெரு. தெரு போய் முடிகிற இடம் திடல். ஒரு டீக்கடை, ஒரு சவரக்கடை, ஒரு வாடகை சைக்கிள் கடை, கம்பத்தில் நகராட்சி ரேடியோ. சாயங்காலச் செய்திக்கு ஆண்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். திடல் நடுவில் ஒரு பாதாம் மரம், அதைச் சுற்றி இடுப்புயரத்துக்கு சிமென்ட் மேடை. நல்ல நிழல். ஆனால் அந்த மேடையில் யாரும் உட்கார மாட்டார்கள். கடலில் போன உடம்பு கரைக்கு வந்தால் வீட்டுக்குள் நேரே எடுத்துப்போகக் கூடாது, ஊர் பார்க்க முதலில் அந்த மேடையில்தான் கிடத்த வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். அன்றைக்கு மட்டும் பெண்கள் திடலுக்கு வந்து மேடையைச் சுற்றி உட்காருவார்கள். மற்ற நாளில் நாங்கள் திடலைக் கடந்து போகலாம். நிற்கக் கூடாது, உட்காரவே கூடாது.

இன்னொன்று, அந்தத் திடலிலிருந்து பார்த்தால் மட்டும் சரக்குக் கிட்டங்கிகளின் இடைவெளி வழியாகத் துறைமுகத்துக் கொடிமரம் தெரியும். புயல் கூண்டு ஏற்றுவது அதில்தான். நம் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும், கித்தான் போர்த்தின கறுப்புக் கூண்டு. எந்த வடிவத்துக்கு எந்த நம்பர் என்பதெல்லாம் ஆண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது தொங்குதா, தொங்கலையா என்பதுதான்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உரத்தோணியில் வேலை பார்த்தார். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். உப்பனாற்றிலிருந்து தோணிகள் போய் மூட்டையை இறக்கி ஏற்றிக்கொண்டு வரும். மாமாவின் சட்டையைத் துவைத்தாலும் உர நெடி போகாது. எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் இருந்தார். எனக்குப் பத்து வயதான அந்த ஆவணியில் அவருக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள் அத்தை. இருபது வயது. வாய் ஓயாது. சுட்ட கத்தரிக்காயில் அவள் செய்யும் கொத்சு வாசனைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன்.

அவள் வந்த புதிதில் ஒரு சாயங்காலம் நடந்ததை முதலில் சொல்லவேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனவள், திரும்பும்போது கால் வலிக்கிறது என்று பாதாம் மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். சவரக்கடையில் பாதி முகத்தில் சோப்போடு இருந்த ஆள் எழுந்து வாசலுக்கு வந்தான். அத்தை காலை ஆட்டிக்கொண்டு அந்த ஆளின் சோப்பைப் பார்த்துச் சிரித்தாள். சைக்கிள் கடைக்காரர் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தார். அம்மா அத்தையை மேடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஊர்ல தேரடியில பொழுது சாஞ்சா பொம்பளைங்கதான் உக்காந்திருப்போம் அண்ணி. பூ கட்டுவோம், கதை பேசுவோம். இங்க இன்னா?"

"அது கோயில் ஊரு. இது கடல் ஊரு. வாய மூடிகிட்டு எழுந்து வா."

அன்று ராத்திரி அம்மா அவளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. மிளகாய் அத்தனையும் எரிந்தும் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. கண்ணேறு ஜாஸ்தியாக இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று அப்பா சொன்னார், சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த மேடை எதற்கென்று தெரிந்த பிறகு அத்தைக்குக் கடலைக் கண்டாலே ஆகாது. மறு வருஷம் ஐப்பசி பிறந்தது. கடல் செம்மண் கரைத்த மாதிரி நிறம் மாறிப்போயிற்று. காக்கைகள் பகலிலேயே கிட்டங்கிக் கூரைக்கடியில் ஒடுங்கின. தெருவில் துணி காயவில்லை, எல்லார் வீட்டிலும் ஈரவாடை. முதல் கூண்டு ஏறின அன்றைக்கு, மாமா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அத்தை வாசலை மறித்துக்கொண்டாள். மாமா விலக்கிவிட்டுப் போனார். அவள் பின்னாலேயே திடலுக்கு ஓடி, தோணிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதே மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போனா நான் இங்கேந்து எழுந்திருக்க மாட்டேன்."

மாமாவுக்கு மனைவி மேல் உயிர். போகவில்லை. மற்ற எல்லாரும் போனார்கள், சாயங்காலம் எல்லாரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. அதற்குப் பிறகு மாமாவால் திடலில் டீ குடிக்க முடியவில்லை. "இன்னா மச்சான், கொடிமரத்துல ஒண்ணாம் நம்பரு, உன் வீட்ல பத்தாம் நம்பரா?" என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒண்ணாம் நம்பர் கூண்டு ஐப்பசி முழுக்க ஏறும் இறங்கும். அதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் துறைமுகத்தில் ஒருவனுக்கும் அடுப்பெரியாது. புலி வருது கதைதான், எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

திடல் பெரிய மனுஷர்கள் அப்பாவிடம் வந்தார்கள். டீக்கடைக்காரர்தான் பேசினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு வாட்டி உக்காந்துடுச்சி. மூணாவது வாட்டி அந்தப் பொண்ணு திடல்ல கால வைக்கக் கூடாது. அவ்ளோதான் சொல்லுவோம்."

அப்பா வீட்டுக்குள் வந்து அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார், அத்தையின் காதில் விழுகிற மாதிரி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா அழுதாள். அத்தை அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை.

அப்புறம் அவளுக்குக் கண் நான்தான். காலையில் எழுந்ததும் என்னை அனுப்புவாள். நான் ஓடி, மேடையில் ஏறாமல், பக்கத்தில் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்துவிட்டு வருவேன். "இல்ல அத்தை" என்றால் ஒரு வெல்லக்கட்டி. "தொங்குது அத்தை" என்றாலும் ஒரு வெல்லக்கட்டி. தொங்குகிற நாளில் மாமா அவளைச் சமாதானம் செய்து கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும். தோணி அவருக்காகக் காத்து நிற்கும். மேஸ்திரி அவரை வேறு வேலைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

வளைகாப்பு முடிந்தது. வெள்ளிக்கிழமை சிதம்பரத்துக்கு அழைத்துப்போக அவளுடைய அப்பா வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, நான் வழக்கம்போல ஓடினேன். திடலில் காற்றே இல்லை. பாதாம் இலை ஒன்றுகூட அசையவில்லை. கொடிமரத்தில் கூண்டு தொங்கியது. எப்போதும் கொஞ்சம் ஆடும், அன்று ஆடாமல் தொங்கியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டீயைக் குடித்தார்கள்.

தெரு முனையில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள்.

"தொங்குதா?"

"தொங்குதும்மா."

"அத்தை கேட்டா இல்லன்னு சொல்லு."

"பொய்யாம்மா?"

"புள்ளத்தாச்சி பயப்படக் கூடாதுடி. நாளன்னிக்கி ஊருக்குப் போறவ, இன்னிக்கி ஒரு நாள் அழாம இருக்கட்டும். உன் மாமனும் ஒரு நாளாவது தலை நிமுந்து போவட்டும்."

அம்மாவைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு ஐம்பது வயதான பிறகுதான் இது புரிந்தது, அதற்குள் அவள் போய்விட்டாள்.

பின்கட்டில் அத்தை குமுட்டி அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோல் வெடித்துப் புகைந்தது. கை நிறைய வளையல்.

"பாத்தியா பாப்பா?"

"ஒண்ணும் தொங்கல அத்தை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் கருகியது.

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன்."

வெல்லக்கட்டி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அடுக்குத் தூக்கில் சாதமும் கொத்சும் வைத்து மூடினாள். பித்தளைத் தூக்கு, கல்யாணச் சீரில் வந்தது, மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். அதை மாமா கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள். ஒரு சண்டையும் இல்லை. மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா? திடலைத் தாண்டிப் போய்வருகிற மனுஷர். வாசலில் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

மதியத்துக்குள் விளக்கு வைக்க வேண்டியதாயிற்று. கொடிமரத்தில் கூண்டை இறக்கி வேறு கூண்டு ஏற்றினார்கள் என்று அப்பா வந்து சொன்னார். நம்பரைச் சொல்லவில்லை. ரேடியோவில் சொன்னபோது கம்பத்திலிருந்து பாதிதான் கேட்டது, மீதியைக் காற்று கொண்டுபோயிற்று. நாலு தோணி போயிருந்தது. மூன்று வந்தது. அத்தை பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் வீடு முழுக்க நடந்துகொண்டே இருந்தாள். நான் அந்த வெல்லக்கட்டியை வாயில் போடவில்லை. கையிலேயே கரைந்து ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அத்தையின் அப்பா வந்தார், மகளை அழைத்துப்போக. அன்று முற்பகலில் மாமா கரைக்கு வந்தார். பாதாம் மேடையில் கிடத்தினார்கள். தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திடலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சிமென்ட் ஈரமாக இருந்தது. அத்தையை நடத்திக் கூட்டிவந்தார்கள். அவள் முதல்முறை எங்கே உட்கார்ந்தாளோ அதே இடத்தில் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"அன்னிக்கே உக்காந்தாளே. இடம் புடிச்சி வச்சிட்டா."

அந்தச் சொல் தெருவெங்கும் போயிற்று. திடலில் உட்கார்ந்து புருஷனை முழுங்கினவள். அம்மா வாயைத் திறக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவளிடம் யார் என்ன கேட்பார்கள்? நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் பொய் சொல்லியிராவிட்டால் அவள் மறித்திருப்பாள், மறித்திருந்தால் அவர் நின்றிருப்பார். ஒரு வார்த்தை அது. பத்து வயதில் சொல்லவில்லை, இருபதில் சொல்லவில்லை, என் கல்யாணத்துக்கு அவள் வந்து கூட்டத்துக்குப் பின்னால், கண் படாத இடத்தில் நின்றபோதும் சொல்லவில்லை. அவள் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டாள். பிறந்த பையன் அப்பா முகம் பார்க்காதவன், இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அத்தை தேர் பார்க்கக்கூட வீதிக்கு வருவதில்லை என்று அவன் ஒருமுறை சொன்னான். தேரடியில் உட்கார்ந்து பூ கட்டினவள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சந்தை நாள். மகள் மீன் வாங்கப் போய்விட்டாள். நான் குழாயடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. அத்தையின் மகன் வீடியோவில், "அம்மாவுக்கு உங்க ஊரப் பாக்கணுமாம், காட்டுங்க" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அத்தைக்கு எழுபத்துச் சொச்சம் வயது. முடி முழுக்க வெள்ளை, குரல் மட்டும் அதேதான்.

போனைத் திருப்பிச் சதுக்கத்தைக் காட்டினேன். பழக்கடை, தேவாலயம், குழாயடி. கல் பெஞ்சு வந்ததும், "இரு, இரு" என்றாள். கறுப்புக் கவுனும் சாம்பல் சட்டையுமாகக் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்க யாருடி செத்துட்டா?"

"யாரும் சாவல அத்தை. சும்மா உக்காந்திருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். தெனமும் உக்காருவாங்க."

இப்போது சொல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருத்தி முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தோன்றியது. சந்தை இரைச்சலுக்கு நடுவில், ஒரு மனுஷருக்கும் என் பாஷை புரியாத இடத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"அத்தை, அன்னிக்கி கூண்டு தொங்குச்சி. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள்.

சந்தை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அப்பவே தெரியும்டி பாப்பா. பொய் சொன்னா கட்டைவிரலால தரையத் தேப்ப நீ. அன்னிக்கும் தேச்சிகிட்டுதான் நின்ன. அண்ணிதான் சொல்லிக் குடுத்திருக்கணும், அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தை...?"

"வாசலத் தாண்டி நாலு வீடு வந்தா திடலு. எட்டிப் பாத்திருக்கலாம். அவரப் புடிச்சி நிறுத்தியிருக்கலாம். மறுபடியும் திடலுக்குப் போனாளாம்னு சொல்லுவாங்களேன்னு கத்திரிக்காயத் திருப்பிகிட்டு உக்காந்திருந்தேன். நீ சின்னப் புள்ள. எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருந்துச்சி."

அழுதேன். அவள் அழவில்லை. குழாயடித் தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள். இன்னும் பெஞ்சுப் பக்கமே திரும்பியிருந்த போனில் அத்தை அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"அந்தம்மா இடம் வுடுதே, ஏன்டி நின்னுகிட்டே இருக்க? உக்காரு."

உட்கார்ந்தேன். கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது.

"போன வச்சிடாத. அவுங்க பக்கமா திருப்பிப் புடி" என்றாள் அத்தை. "நானும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."